சுவரில் மாட்டிய வள்ளம்

ஆள் இறங்காத வள்ளத்தை உடைத்து அலங்காரம் செய்ததால் வியாகுலத்தின் வீடு கடலுக்குப் புறப்பட்டுவிட்டது. மூக்கந்துறையில் யாரும் இதை அதிசயம் என்று சொல்லவில்லை. தப்பு என்றுதான் சொன்னார்கள்.

வள்ளம் கரை தொட்டதும், அதில் போனவன் ஒவ்வொருவனும் அணியத்தின் வழியாகத்தான், அதாவது அதன் மூக்குப் பக்கமாகத்தான், மணலில் இறங்கவேண்டும். இறங்கியதும் அணியத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டவேண்டும். தட்டினால்தான் இவன் இறங்கிவிட்டான் என்று வள்ளத்துக்குத் தெரியும். தட்டாதவன் அதைப் பொறுத்தவரை இன்னும் உள்ளேதான் இருக்கிறான். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. காலையில் எழுந்தால் முகம் கழுவுகிற மாதிரி, அவ்வளவுதான்.

வியாகுலத்தின் மகன் ஜெரோம் கச்சான் என்கிற மேல்காற்று ஓங்கி அடித்த ஒரு நாளில் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. வள்ளம் திரும்பியது, கூடப் போன பயல் திரும்பினான். அந்தப் பயலின் பெயரை வியாகுலம் அதற்குப் பிறகு வாயால் சொல்லவில்லை. அவர் காதுபட ஊரும் சொல்லவில்லை. அந்தப் பயல் என்றால் எல்லோருக்கும் விளங்கும். வியாகுலம் அன்றோடு கடலை விட்டார், கரைக்குப் போவதை விட்டார், அடுப்படியில் கடலைப் பார்த்திருந்த பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார், வள்ளம் மணலில் கிடந்து வெயிலில் வெடித்தது.

அவர் மகள் ரெக்ஸிக்குக் கை சும்மா இருக்காது. காலி டீசல் கேனை அறுத்துச் செடி வைப்பாள், கிழிந்த வலையைச் சுற்றி விளக்குக்கு மூடி செய்வாள், கடல் ஒதுக்கிய பாட்டில்களுக்குள் சீரியல் லைட்டை நுழைப்பாள், வலை மிதவைகளுக்கு வர்ணம் அடித்துத் தோரணம் கட்டுவாள், செல்போனில் எவளோ ஒருத்தி செய்வதைப் பார்த்துவிட்டு அவளைவிட நன்றாகச் செய்வாள், மெயின் ரோட்டில் பரப்பி வைத்தால் காரை நிறுத்தி வாங்கிப் போவார்கள். பழைய வள்ளத்துப் பலகைக்கு நல்ல கிராக்கி என்று தெரிந்ததும் ஒரு நாள் ரம்பத்தோடு கரைக்குப் புறப்பட்டாள்.

‘அண்ணன் வள்ளத்த அறுக்கப்போறேன் ப்பா.’

‘என்னமும் செய்யி,’ என்றார். திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அறுத்தாள். பலகைகள் அலமாரியாயின, கண்ணாடிச் சட்டமாயின, சுவர்க்கடிகாரமாயின, சாவி மாட்டியாயின, மாதா சொரூபத்துக்கு மேடையாயின. வளைந்த விலாக் கட்டைகள் அந்த மேடையைத் தாங்கின. உரிந்தும் உரியாமலும் இருந்த நீல வர்ணத்தை அப்படியே விட்டாள், அதுதான் அழகாம். மிஞ்சியதைத் தெருவில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். அணியத்தை மட்டும் வெட்ட மனசு வராமல் முழுசாகத் தூக்கி, மூக்கு தெருவைப் பார்க்கும்படி, முன்வாசலுக்குமேல் பதித்தாள். வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து நன்றாக இருக்கிறது என்றார்கள். நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் மதியம், சோறு தின்றுவிட்டு ஊர் கண்ணயரும் வேளையில், வியாகுலம் பாயில் எழுந்து உட்கார்ந்தார். தரைக்கு அடியில் தண்ணீர் சளக் சளக்கென்று அடித்தது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். பலகைக்கு இந்தப் பக்கம் ஆளும் அந்தப் பக்கம் கடலும் இருக்கும்போது கேட்கிற சத்தம். அடுப்பில் இருந்த குழம்பு சட்டியின் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது, பிறகு மறுபக்கம் ஒதுங்கியது. கடிகாரத்தின் பலகையிலிருந்து ஒரு துளி இறங்கிச் சுவரில் ஓடியது. தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு.

‘ரெக்ஸி.’

‘ம்.’

‘வீடு ஆடுதா?’

‘ஆடல ப்பா. போவுது.’

வெளியே பக்கத்து வீட்டு மெற்றில்டா கத்தினாள். ‘வியாகுலண்ணே! எங்க சுவர உட்டுட்டு எங்க போறிய?’

இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவராக இருந்த இடத்தில் இப்போது கை நுழைகிற சந்து விட்டிருந்தது. அஸ்திவாரம், வாசற்படி, தோரணம் எல்லாம் சேர்ந்து, முகம் தெருவைப் பார்த்தபடி இருக்க, பெரிய இடத்தில் முதுகைக் காட்டாமல் விலகுகிறவனைப் போல, வீடு பின்பக்கமாகப் போயிருந்தது. அது இருந்த இடத்தில் மணலில் வள்ளத்தை இழுத்த மாதிரி ஒரு தடம். பின்னால் வேறு வீடு கிடையாது. மணல், காயப்போட்ட வலை, அப்புறம் கடல்.

அடுத்த நாள் மதியமும் போனது. அதற்கடுத்த நாளும் போனது.

ஊர் பழகிக்கொண்டது. பழகாமல் என்ன செய்யும்? கரண்டு ஆபீசிலிருந்து வந்தவர் வயரை நீட்டிக் கொடுத்தார், மறுபடி வந்து நீட்டினார், மூன்றாம் தடவை ஒரு சுருளையே மாட்டிவிட்டு ‘நீங்களே அவுத்து உட்டுக்கோங்க’ என்று போய்விட்டார். தண்ணீர்க் குழாய் அறுந்தது, ரப்பர் குழாய் வந்தது. வீடு விட்டுப்போன இடத்தில் பிள்ளைகள் ஸ்டம்பு நட்டார்கள், டீக்கடைக்காரர் பெஞ்சை நகர்த்திப் போட்டார், மெற்றில்டா புதிதாகக் கிடைத்த சந்தில் துணி காயப்போட்டு, ‘பாவந்தான், ஆனா காத்து நல்லா வருது’ என்றாள். அன்பியத்துப் பெண்கள், தெரு ஜெபக் குழுவினர், சாயங்காலம் வீட்டு வாசலில் ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார்கள். வீடு போகப்போக நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு நாளுக்கு நாள் அவர்களும் கொஞ்சம் கிழக்கே நகர்ந்தார்கள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் வீடு கட்டக்கூடாது என்று எவரோ ஒரு அதிகாரி கதவில் நோட்டீஸ் ஒட்டினார். ‘நாங்க கட்டலய்யா, அது வந்துது,’ என்றாள் ரெக்ஸி. ‘வந்தாலும் கூடாது,’ என்றார் அவர். காரில் வந்த ஒருத்தன் வாரக்கடைசிக்கு வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டான். வியாகுலம் செருப்பைத் தேடினார், அவன் போய்விட்டான்.

சிரித்தார்கள். ஆனால் மதியம் வந்தால் சிரிப்பு நின்றுவிடும். சட்டி பானை கழுவுகிற சத்தம் நிற்கும், ரேடியோ நிற்கும், நாய்கூடத் தெருவை விட்டுப் போய்விடும், ஊர் மொத்தமும் கதவுக்குப் பின்னால் நின்று காது கொடுக்கும், மணல் அரைபடுகிற சத்தம் கேட்கும். அது நின்ற பிறகுதான் மூச்சு விடுவார்கள்.

பிறகு மெற்றில்டா வீட்டுச் சாவி மாட்டி வியர்த்தது.

கோயில் கணக்கப்பிள்ளை வீட்டு அலமாரியிலிருந்து உப்புத்தண்ணீர் ஒழுகி அரிசியை நனைத்தது. டீக்கடைக் கடிகாரத்துக்குள் அலைச் சத்தம் கேட்டது. பயந்துபோனார்கள். அடுப்பில் வைத்துப் பார்த்தார்கள், பலகை எரியவில்லை, புகைகூட வரவில்லை, அடுப்புதான் அணைந்தது. ரெக்ஸி கொடுத்ததை எல்லாம், அவள் கொடுத்தபோது இரண்டு கையாலும் வாங்கினதை எல்லாம், ஒவ்வொருவராகக் கொண்டுவந்து வியாகுலத்தின் படியில் போட்டார்கள். முகம் பார்க்கவில்லை. போட்டுவிட்டு ஓடினார்கள். சாவி மாட்டி, பூச்சட்டித் தாங்கி, போட்டோ சட்டம், குழந்தைக்குச் செய்த குட்டி நாற்காலி, எல்லாம் வந்து குவிந்தன. புத்திசாலிகள். வள்ளத்தைத் துண்டு துண்டாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்துவிட்டால் அது வேகமாகப் போகாமல் என்ன செய்யும்? அன்று மதியம் வீடு வலை காயும் மணலைத் தாண்டிவிட்டது.

வியாகுலம் வெளியே போய்விடலாம் என்றார். மெற்றில்டா வீட்டு மாடியில் இடம் இருந்தது.

ரெக்ஸி வரவில்லை. அவள் ஒரு பையில் ஜெரோமின் சட்டையை மடித்து வைத்திருந்தாள், துண்டு வைத்திருந்தாள், அவனுக்குப் பிடித்த வறுத்த கடலை வைத்திருந்தாள்.

‘அண்ணனக் கூப்பிடத்தான போவுது ப்பா. அது இறங்காத ஆளத் தேடிப் போவுது. நானும் போறேன்.’

‘கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு?’

‘நீங்க இறங்கிக்கோங்க.’

அவள் அழவில்லை, கத்தவில்லை, திருவிழாவுக்குப் போகிறவள் மாதிரி தலை வாரியிருந்தாள். வியாகுலம் அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் மாதா மேடைக் கட்டையைக் கட்டிக்கொண்டாள். ஊர்ப் பெண்கள் இழுத்தார்கள். விடவில்லை. அவர் வெளியே போகவில்லை. மதியத்தில் கால்மாட்டில் அலை அடிக்க, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மகளின் முந்தானை நுனியைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு படுத்துக் கிடந்தார். ஒரு பிள்ளையைக் கடல் கேட்காமல் எடுத்தது. இன்னொன்று தானாகப் போய்த் தன்னைக் கொடுக்கப்போகிறது. அவர் கண்டது அதைத்தான், கண்ணை மூடினாலும் அதைத்தான்.

பங்குச்சாமி வந்தார். ஜெரோமுக்கு இதுவரை அடக்கப் பூசை வைக்க வியாகுலம் சம்மதித்ததில்லை. கொழும்பு ஜெயிலில் இருப்பான், மாலத்தீவில் கரையேறியிருப்பான் என்று ஏதாவது சொல்வார்.

‘வைங்க சாமி,’ என்றார் இப்போது.

பூசை நடந்தது. ஜெரோமுக்கு மச்சான் முறையுள்ள ஒருவன் அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய், முன்வாசல் படி வழியாக இறங்கி, ‘ஜெரோம் இறங்கிட்டேன்’ என்று சொல்லி, கை உயர்த்தி வாசலுக்குமேல் இருந்த அணியத்தில் ஓங்கித் தட்டினான். ஊரே சிலுவை போட்டுக்கொண்டது. வியாகுலம் சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டார். மகன் செத்துவிட்டான் என்று அவர் ஒப்புக்கொண்ட நாள் அது. அதற்காவது வீடு நிற்கவேண்டாமா? மதியம் அது ஈர மணலுக்குப் போய்விட்டது. அடுப்படிச் சுவரில் நுரை வந்து ஒட்டியது.

‘பாத்தியளா,’ என்றாள் ரெக்ஸி. ‘வேற ஆள வச்சு அண்ணன ஏமாத்த முடியாது.’

அடுத்து கயிறு. வள்ளம் இழுக்கிற வடங்களை ஜன்னல்களுக்குள் விட்டு வீட்டைச் சுற்றிக் கட்டினார்கள், ஒரு முனையைத் தென்னைகளில் கட்டினார்கள், தென்னை வேரோடு சாய்ந்தது. கரையில் வள்ளங்களை இழுக்கும் டிராக்டர் வந்தது. சக்கரம் மணலில் புதைந்து, புகை கக்கி, முக்கி, வீட்டை ஒரு முழம் மேலே இழுத்தது. ஜனம் ஆரவாரம் செய்தது. வியாகுலம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். டிராக்டர் ஓட்டினது அந்தப் பயல்.

அருவாமனையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

‘கயித்த அவுருல.’

‘மாமா, இன்னொரு இழுப்பு இழுத்தா...’

‘யாருக்குல மாமா? எம் மவன விட்டுட்டு வந்த கை எங்க வீட்ட இழுக்க வேண்டாம்.’

‘வியாகுலம், உள்ள பொட்டப்புள்ள இருக்கு வே!’ என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். அவர் குனிந்து வடத்தை அறுத்தார். அறுந்த வடம் பாம்பு மாதிரி துள்ளி விழுந்தது. அந்தப் பயல் என்ஜினை நிறுத்தினான். அவன் கை இரண்டும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. டிராக்டர் இழுத்த ஒரு முழத்தையும் வீடு திருப்பி எடுத்துக்கொண்டு, அதற்குமேலும் போனது. அன்று அலை அடுப்படிக்குள் வந்து அடுப்பை நனைத்துவிட்டுத் திரும்பியது.

மறுநாள் மதியம் ஊர் முழுக்கக் கரையில் நின்றது. ஒருவரும் கதவுக்குப் பின்னால் ஒளியவில்லை. வீட்டின் பின்பாதி தண்ணீரில், முன்பாதி மணலில். ஒவ்வொரு அலைக்கும் ஓடுகள் கடகடத்தன, பாட்டில் விளக்குகள் மோதிக்கொண்டன, மாதா சொரூபம் மேடையிலேயே சறுக்கி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்தது. ரெக்ஸி பையை மடியில் வைத்துக்கொண்டு நடு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் காலைச் சுற்றித் தண்ணீர் வந்தது, போனது. அவளுக்கும் இப்போது பல் அடித்துக்கொண்டது. ஆனாலும் எழவில்லை.

வியாகுலம் முன்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே கரை. கரையில் ஜனம், கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்தது. வாழ்நாளில் பாதியை அவர் வள்ளத்தில்தான் கழித்தார். ஆனால் இப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. கடலுக்குப் போகிற வள்ளம் மூக்கைக் கடலுக்குக் காட்டிக்கொண்டு போகும், கரையை முதுகால்தான் பார்க்கும். இது அப்படிப் போகவில்லையே. இது எவனையும் தேடிப் போகிற வள்ளம் இல்லை. மூக்கைக் கரைப்பக்கம் நீட்டிக்கொண்டு, இறங்கவிடுங்கள் இறங்கவிடுங்கள் என்று ஜனத்தைப் பார்த்துக்கொண்டே, யாரோ தள்ளத் தள்ளப் பின்னால் போகிற வள்ளம்.

தள்ளினது யார்?

அவர்தான். கச்சான் காற்று அடங்கின அன்று வள்ளம் ஜெரோம் இல்லாமல் வந்தபோது கரையில் நின்றது அவர்தான், கையில் துடுப்பு. ‘எம் மவன் இல்லாம நீ இறங்குவியால?’ அணியத்தில் கால் வைத்த அந்தப் பயலின் நெஞ்சில் துடுப்பால் குத்தித் தள்ளினார், அவன் எழுந்து மறுபடி கால் வைத்தான், மறுபடி தள்ளினார், ‘மாமா, மாமா’ என்றான், தள்ளினார். கடைசியில் அவன் பின்பக்கமாகக் கடலில் விழுந்து, நீந்திப் போய், கல்லறைத் தோட்டத்துப் பக்கம் தனியாகக் கரையேறினான். அணியத்தில் தட்டவில்லை. அதை ஊரே பார்த்தது. இறங்காதவன் யார் என்று கேள்வி வந்தபோது ஊருக்குச் செத்தவன் ஞாபகம்தான் வந்தது.

‘அவன வரச் சொல்லு!’ என்று கரையைப் பார்த்துக் கத்தினார்.

‘யார வே?’

‘அந்தப் பயல!’

அவன் கூட்டத்தின் ஓரத்தில் டிராக்டர்மேல் கை வைத்து நின்றான். அசையவில்லை. பயந்தான். இந்த வாசலை நோக்கி வருவதற்கு அவனைவிட அதிகமாக யாருக்குப் பயம் இருக்கும்?

மெற்றில்டா இடுப்பில் கையை வைத்தாள். ‘அந்தப் பய, இந்தப் பயன்னா எவன் வருவான்? பேரு வச்சுத்தான ஞானஸ்நானம் குடுத்திருக்கு? பேரச் சொல்லும் அண்ணே!’

ஒரு அலை வந்தது. படி மணலை விட்டு எழும்பி, தொப்பென்று விழுந்தது. உள்ளே ரெக்ஸி முதன்முறையாக வீரிட்டாள். ‘ப்பா!’

வியாகுலம் வாயைத் திறந்தார். வரவில்லை. உதடு கூடிற்று, பிரிந்தது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒருதரம் இல்லை. அவன் ஓடத் தொடங்கிய பிறகும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

அவன் வாசலுக்கு வரவில்லை. வள்ளத்தில் இருந்தவன் கடலிலிருந்துதானே வரவேண்டும்? அலைக்குள் பாய்ந்து வீட்டைச் சுற்றி நீந்திப் போனான். ரெக்ஸி தட்டுத்தடுமாறி அடுப்படிக்குப் போய்ப் பின்கதவின் துருப்பிடித்த தாழ்ப்பாளை அம்மிக்குழவியால் அடித்துத் திறந்தாள். அவன் தண்ணீரோடு உள்ளே வந்தான். அடுப்படி, நடு வீடு, அலமாரி, கடிகாரம், தான் துடுப்புப் போட்ட பலகைகள் ஒவ்வொன்றையும் தாண்டி, சுவரைப் பிடித்துப் பிடித்து முன்வாசலுக்கு வந்து நின்றான். வியாகுலம் அதற்குள் கீழே குதித்து, நெடுநாளாகக் கால் படாத ஈர மணலில், இடுப்பளவு நுரையில் நின்றார். அன்று எங்கே நின்றாரோ அதே மாதிரி. கையில் ஒன்றும் இல்லை. கையை நீட்டினார்.

‘மாமா, இறங்கட்டா?’

‘இறங்கு.’

‘அவன நான் விடல மாமா. என்ஜின் சுழலியில வலை மாட்டிச்சு, குனிஞ்சான், அலை...’

‘இறங்குல மொதல்ல!’

அவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். திரும்பினான். கையை உயர்த்தி அணியத்தில் ஒரு தட்டுத் தட்டினான். மெதுவாகத்தான் தட்டினான். நனைந்த மரத்தில் நனைந்த கை படுகிற சத்தம். கரையில் கடைசியில் நின்றவர்களுக்கும் அது கேட்டது.

வீடு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது. தரைக்கு அடியில் சளக் சத்தம் நின்றது. அடுத்த அலை வந்து, சுவரில் மோதி, எல்லா வீட்டுச் சுவரிலும் மோதுகிற மாதிரி திரும்பிப் போனது. ரெக்ஸி பையோடு வாசலுக்கு வந்தாள். கடலைப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவளும் அணியம் வழியாக இறங்கி ஒரு தட்டுத் தட்டினாள், மணலில் உட்கார்ந்து அண்ணனுக்காக அழுதாள். அன்றுதான் அழுதாள்.

வீடு இப்போதும் அங்கேதான் இருக்கிறது, ஈர மணலில், கொஞ்சம் சாய்ந்து, கதவில் நோட்டீசோடு. ஆனி மாதத்தில் அடுப்படிக்குள் மீன் குஞ்சு வரும். ரெக்ஸி மறுபடி பாட்டிலும் பலகையும் விற்கிறாள். வள்ளம் அறுக்கப் போனால், எல்லோரும் இறங்கியாச்சா என்று உரியவனிடம் கேட்டுவிட்டுத்தான் ரம்பத்தை வைக்கிறாள். காரில் வருகிறவர்கள் கதை கேட்பார்கள். பூசைதான் நிறுத்தியது என்று சிலர் சொல்வார்கள், ஜெபமாலை என்பார்கள், அலை தானாக அடங்கியது என்பார்கள். யார்தான் நிறுத்தினது என்று வாசலில் நின்று விடாமல் கேட்டால், வியாகுலம் உள்ளே படுத்த இடத்திலிருந்தே, எழாமல், ஒரே வார்த்தையில் சொல்லுவார்.

‘கஸ்பார்.’